சந்தனப் பொட்டுக்கு அடியில்

மதுரையில் பழைய நகருக்குள் ஒரு சந்தில் துப்பாக்கிக் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்கு என் அப்பாவின் துப்பாக்கியை, உலகப்படம் சுருட்டிவைக்கும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முப்பத்து மூன்று வருஷம் சமூக அறிவியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பை. ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் குழல் வேறு கட்டை வேறாகக் கழற்றினால் அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும். ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் கண்டக்டர், ரிட்டயர் ஆன பிறகும் பாடம் நடத்தப் போகிறீர்களா டீச்சர் என்று கேட்டார். ஆமாம், ஒரு பாடம் பாக்கி இருக்கிறது என்றேன். லைசென்ஸ் கைப்பையில் இருந்ததால் பயமில்லை. இன்றோடு இந்தச் சனியனைத் தலைமுழுகிவிடலாம் என்ற சந்தோஷத்தில் உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கியும் போனேன்.

எங்கள் ஊர் எழுமலைக்குப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி நிலக்கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். அதற்காக அந்தக் காலத்தில் விவசாயிகள் சிலருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தார்கள். என் அப்பாவுக்கும் கிடைத்தது, என் தாய்மாமாவுக்கும் கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் மதுரைக்குப் போய், ஒரே கம்பெனியில் செய்த இரண்டு துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். எண்கூட அடுத்தடுத்த எண். மாமாவுடையது ஏழில் முடியும், அப்பாவுடையது எட்டில் முடியும். சினிமாவுக்குப் போனாலும் சேர்ந்து போகிற மச்சினன்மார்கள் அவர்கள்.

மற்ற பெண்களுக்கு அப்பா வீட்டிலிருந்து நகை வரும், நிலம் வரும். எனக்குத் துப்பாக்கி வந்தது. அப்பா இறந்ததும் என் தம்பிகள் இரண்டு பேரும் அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவன் சென்னையில் இருக்கிறான், ஒருவன் திருப்பூரில் இருக்கிறான். இருவரும் பன்றியைக் காலண்டரில்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அப்பாவின் துப்பாக்கி என்றால் கௌரவம். பஞ்சாயத்து பேசியும் முடிவுக்கு வராமல், கடைசியில் உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அக்கா பேரில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கணவரை இழந்து, அப்பா வீட்டுக்குத் திரும்பி, உள்ளூர்ப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கேள்விக்குறி மாதிரி அந்தத் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் வந்து சாய்ந்தது.

துப்பாக்கி வைத்திருப்பதை வீரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை லைசென்ஸ் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும், டாக்டரிடம் புத்தி சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும், ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். நான்கு நாள் வெளியூர் போனால் வீட்டில் அது தனியாகக் கிடக்கிறதே என்று இரண்டாம் நாளே திரும்ப வேண்டும். தேர்தல் அறிவித்தால் உடனே ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பஞ்சாயத்து, சட்டசபை, பாராளுமன்றம் என்று நம் நாட்டில் தேர்தலுக்கா குறைச்சல். பதினைந்து வருஷமாக நான் அதைச் சுடவில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது.

இப்போது என் ஒரே மகள் புனேயில் இருக்கிறாள். இரண்டு கர்ப்பம் கலைந்து மூன்றாவதாக ஏழாம் மாதம். டாக்டர் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார். மருமகன் காலையில் போனால் இரவு வருகிறவர். அம்மா நீ வந்து இரு, வந்தால் திரும்பிப் போகாதே என்று தினமும் போனில் அழுதாள். எனக்கும் ஊரில் வேறு என்ன இருக்கிறது. நிலம் குத்தகையில் இருக்கிறது, வீட்டைப் பூட்டினால் ஆயிற்று. அந்த ஒரு லைசென்ஸ் மட்டும் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்காமல் போனால் வீட்டில் இருப்பது கள்ளத் துப்பாக்கி. அதனால் கடையில் விற்றுவிடுவது, விலை படியவில்லை என்றால் பாதுகாப்புக்கு அங்கேயே ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறுவது என்று திட்டம்.

கடைக்காரர் பாய்க்கு எழுபது வயதிருக்கும். மூன்று தலைமுறையாக அந்தத் தொழில். குழலை வாங்கி டியூப் லைட்டை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். பிறகு ஒற்றை விரலில் தொங்கவிட்டு விரல்நுனியால் தட்டினார். கோயில் மணியை மெதுவாகத் தொட்டதுபோல ஓசை வந்தது. ஓசை இழுத்துக்கொண்டு போனால் குழலில் விரிசல் இல்லை என்று அர்த்தமாம். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது, உங்கள் அப்பா பிள்ளையைப் போல வைத்திருந்திருக்கிறார் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கியது.

பிறகு குழலைக் கட்டையோடு மாட்டினார். மாட்டிக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார். இரண்டும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நூல் நுழைகிற அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒரு துணியில் எண்ணெயைத் தொட்டு, அந்தச் சேர்மானத்துக்குப் பக்கத்தில் குழல்மேல் இருந்த சந்தனப் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் பதறிப்போய்த் தடுத்தேன். அது ஆயுத பூஜைப் பொட்டு. ஒவ்வொரு வருஷமும் அப்பா துப்பாக்கிக்கு அந்த இடத்தில் தன் கட்டைவிரலால் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். வேறு யாரையும் வைக்க விடமாட்டார். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அதன்மேலேயே அடுத்த வருஷப் பொட்டு என்பார். அப்பா போன பிறகு நானும் அதே இடத்தில், அதே கட்டைவிரலளவுக்கு வைத்துக்கொண்டு வந்தேன். வருஷக் கணக்கில் அது அடைபோல இறுகிப்போயிருந்தது. ஸ்டேஷனில் எத்தனையோ போலீஸ்காரர்கள் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கட்டைப் பக்கத்து இரும்பில் இருக்கிற எண்ணை மட்டும் பார்ப்பார்கள். பொட்டுமேல் ஒருவர் கை வைத்ததில்லை. எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்கும் சாமி பயம் உண்டு.

பாய்க்கு அந்தப் பயம் இல்லை. சந்தனம் உரிந்து விழ, அடியில் துருவேறிய எண் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு லைசென்ஸைப் பக்கத்தில் வைத்தார். என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அருகில் வரச் சொன்னார். கட்டையில் எட்டு. லைசென்ஸில் எட்டு. குழலில் ஏழு.

"டீச்சரம்மா, இது ஒங்க பேரல் இல்ல. யாரோடதோ இது. நான் இத வாங்கவும் முடியாது, கடையில வைக்கவும் முடியாது. ரெஜிஸ்டர்ல எழுதுனா நாளைக்கே ஒங்க வீட்டுக்கு ஆள் வரும்."

யாரோடது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் எண்ணை ஒட்டி ஏழில் முடிகிற துப்பாக்கி இந்த உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. நான் முப்பத்தெட்டு வருஷமாகக் கால் வைக்காத வீடு.

லைசென்ஸில் இல்லாத குழலை வைத்திருந்தால் அது தனி வழக்கு என்று பாய் விளக்கினார். தேர்தல் நேரத்தில் பார்ப்பதுபோலவே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட மாட்டார்களா என்று கேட்டேன். அரசாங்கத்திடமே திருப்பி ஒப்படைத்தாலும் எல்லா எண்ணையும் சரிபார்த்துத்தான் வாங்குவார்கள், அது தேர்தல் ரசீது மாதிரி இல்லை என்றார். எண்ணை அரத்தால் தேய்த்துவிடலாமா என்று நான் கேட்டதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகள் மதிப்பெண்ணைத் திருத்தினால் காதைத் திருகியவள் நான். பாய் என்னைப் பார்த்த பார்வையில் நானே பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. மடியில் இருந்தது ஒரு துப்பாக்கியே அல்ல, இரண்டு அரைத் துப்பாக்கி. விற்க முடியாது. ஒப்படைக்க முடியாது. வைத்திருந்தாலும் புதுப்பிக்கப் போகும்போது யாராவது ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது கதை. கிணற்றில் போட்டால் துப்பாக்கி எங்கே என்று கேட்பார்கள். தொலைந்துவிட்டது என்றால் அதைவிடப் பெரிய வழக்கு. வாலாந்தூர் தாண்டும்போது மகள் போன் செய்து, டிக்கெட் போட்டுவிட்டாயா அம்மா என்று கேட்டாள். போட்டுவிடுகிறேன் என்றேன்.

தம்பிகளுக்குப் போன் போட்டேன். பெரியவன், நீதானே அக்கா பாத்துக்கிட்டிருந்தே என்றான். சின்னவன், எனக்கு ஒண்ணும் தெரியாது, எம் பேர எதுலயும் இழுத்துவிட்றாத என்றான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள். போனை வைத்துவிட்டு, இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஆளில்லாத வீட்டில் திட்டுவதும் அலுத்துவிடும்.

ஒரு வாரம் அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தேன். பெட்டி கட்டி வைத்திருந்தேன். தினமும் ஒரு துணியை அதிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடியும் பெட்டியில் வைத்தேன். வாசலில் பைக் நின்றாலே பையைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். மகளுக்கு ஒருநாள் வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுநாள் அனுப்பினார்கள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. துப்பாக்கி முக்கியமா நான் முக்கியமா என்று மட்டும் கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது. ஒரு சந்தனப் பொட்டு என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்றா சொல்வது?

அந்த ஒரு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று முதல் நாளே தெரியும். ஆனாலும் ஒரு வாரம் ஆயிற்று. காரணம் இருந்தது.

மாமாவின் மகனுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா திடீரென்று அரசாங்க வேலை மாப்பிள்ளை வேண்டும் என்று பேச்சை முறித்தார். மாமா வீட்டோடு போக்குவரத்து அறுந்தது. எனக்குக் கல்யாணமாகிப் போய், கணவரை இழந்து திரும்பி வந்த பிறகும் அந்த வீட்டோடு பேச்சு இல்லை. மாமாவும் இறந்தார். அவர் துப்பாக்கி மகன் பெயருக்கு மாறியது. அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் நானும் அந்த மகனும் முன்னே பின்னே வரிசையில் நிற்போம். அவர் போர்வையில் சுற்றிக்கொண்டு வருவார், நான் உலகப்படப் பையில் கொண்டுபோவேன். பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அவர் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கடலைக்காட்டில் காவலுக்கு நின்றபோது பன்றி தொடையில் குத்திவிட்டது. கையில் துப்பாக்கியோடு நின்றவர் ஒரு வெடிகூடப் போடவில்லை, மரத்துக்கு ஓடப் பார்த்திருக்கிறார் என்று ஊர் பேசியது. ஆறு மாதம் படுக்கை. எழுந்து வந்தபோது ஊர் ஒரு பட்டப்பெயரைத் தயாராக வைத்திருந்தது. பன்னிக்குத்து. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் யாராவது சொன்னால் கண்டிக்க வேண்டிய நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொள்வேன்.

அதோடு விட்டேனா. அடுத்த தேர்தலில் அவர் எனக்கு முன்னால் நின்றார். ஸ்டேஷன் ரைட்டர் ரசீது எழுத நேரமாயிற்று. வெயில். எனக்கு எரிச்சல். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"அத எதுக்கு சார் இம்புட்டு நேரம் பாக்குறீங்க? அது சுடவா போகுது?"

ஸ்டேஷனே சிரித்தது. ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முன்னால் நின்றவர் திரும்பி ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். ரசீதை வாங்கிக்கொண்டு தாங்கித் தாங்கிப் போனார். அன்று முழுக்க எனக்கு என் வாய்மேல் பெருமை. ஸ்டாஃப் ரூமில் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

அந்த மனுஷரிடம் போய் இப்போது குழலைக் கேட்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கடலை உடைக்கிற சத்தம் நின்றது. அவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, வாங்க டீச்சர் என்றார். ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் வாயில் அதைக் கேட்டபோது ஏனோ சுருக்கென்றது.

நான் சுற்றி வளைக்கவில்லை. பையிலிருந்து குழலை எடுத்து, பொட்டு இல்லாத இடத்தைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குழலும் கட்டையும் சேருகிற இடத்தில், கட்டைவிரலளவுக்கு, அடை அடையாகச் சந்தனம். நடுவில் குங்குமம். எங்கள் வீட்டுப் பொட்டுத்தான்.

அந்தக் குழலின் நடுவில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஓர் இடத்தில் வீங்கியிருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுத முடியவில்லை. சாராம்சம் இதுதான். வருஷத்துக்கு லைசென்ஸில் கொடுக்கிற தோட்டா என் அப்பாவுக்குப் போதாது. சுட்டுப்போட்ட வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, தானே வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்து மறுபடியும் சுடுவார். அப்படி அடைத்த ஒன்று ஒருநாள் குழலுக்குள்ளேயே கோளாறு செய்து, குழலை உப்ப வைத்துவிட்டது. கை போகாமல் தப்பியதே பெரிது. அப்போது மூன்று நாளில் தாசில்தார் முன்னால் துப்பாக்கியைக் காட்ட வேண்டியிருந்தது. உப்பிய குழலைக் காட்டினால் கள்ளத் தோட்டா வெளியே வரும், லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். காட்டுகிற முறை ஏற்கெனவே முடிந்திருந்ததால் மாமா தன் குழலைக் கழற்றிக் கொடுத்தார். ஒருநாள் காட்டிவிட்டுத் தருகிறேன் மச்சான் என்று அப்பா வாங்கிப் போனார். எண்ணை மறைக்கச் சந்தனப் பொட்டு வைக்கும் யோசனையும் மாமாவுடையதுதான். அதற்கடுத்த மாதமே கல்யாணப் பேச்சு முறிந்தது. குழல் திரும்பி வரவில்லை.

கேட்டிருக்கலாமே என்றேன்.

எங்கே போய்க் கேட்பது என்றார். புகார் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் விலங்கு. பெண்ணையும் கொடுக்கவில்லை, குழலையும் கொடுக்கவில்லை என்று மாமா சாகிறவரை வீட்டுக்குள்ளேயே பொருமிக்கொண்டிருந்தாராம். அந்தத் துப்பாக்கியை விற்கவும் முடியவில்லை, பழுது பார்க்கவும் முடியவில்லை. எந்தக் கடைக்காரரும் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். வருஷம் தவறாமல் பொட்டு வைத்து மறைத்துக்கொண்டு, பன்றி வரும்போது சும்மா தூக்கிக்காட்டிக்கொண்டு நிற்பார்கள். மாமாவுக்குப் பிறகு இவர் நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று தெரிந்ததும் எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அவர் தொடையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"அன்னைக்குப் பன்னி ஏறி வரும்போது தோட்டா உள்ள கெடக்கு. விரலும் குதிரைலதான் இருக்கு," என்றார். "அழுத்துனா அது வெடிச்சு என் மூஞ்சி போயிரும். பொழச்சுக் கெடந்தாலும் இந்தப் பேரல் எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாக. அப்ப ஒங்கப்பா இல்ல. லைசென்சு ஒன் பேருல இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அவர் மனைவி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சண்டைக்குக் கேட்ட மாதிரி இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்ட மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேதான டீச்சர் அன்னைக்கு ஸ்டேசன்ல அப்பிடிச் சொன்னீக? அது சுடவா போகுதுன்னு?"

இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அப்பா சாகும்போது என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார் என்றும், நல்ல குழலை நான் தெரிந்தே வைத்துக்கொண்டு, கெட்ட குழலோடு நிற்கிறவரை ஊர் நடுவில் வைத்துக் கேலி செய்தேன் என்றும். நான் தெரியாமல் சொன்னதுதான். தெரியாமல் சொன்னேன் என்பதால் அது என்ன குறைந்துவிட்டது?

"எனக்குத் தெரியாது மச்சான்," என்றேன். "சத்தியமாத் தெரியாது."

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றுதான். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கடலைத் தோல் ஒன்று தம்ளரில் மிதந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அவர் இரண்டு துப்பாக்கிகளையும் கழற்றினார். ஏழை எடுத்து ஏழோடு வைத்தார், எட்டை எட்டோடு வைத்தார். டக்கென்று இரண்டும் உட்கார்ந்தன. பாய் கடையில் தெரிந்த அந்த வெளிச்சம் இப்போது தெரியவில்லை. இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தன் குழலை ஒரு கண்ணால் உள்ளே பார்த்து, உங்கப்பா நல்லாத்தான் வச்சிருந்திருக்காரு என்றார். அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்தபோது வாசல்வரை தாங்கித் தாங்கி வந்தார்.

"பிள்ள மாசமா இருக்குன்னு கேள்விப்பட்டேன். போ புள்ள, போய்ப் பாரு," என்றார்.

மறுநாளே ஒப்படைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் பத்து நாள் அலைந்தேன். கடைசி நாளில் ஆயுதம் பார்க்கிற போலீஸ்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் துணியால் நன்றாகத் துடைத்துக் கட்டையில் எட்டு, குழலில் எட்டு என்று உரக்கச் சொன்னார். ரைட்டர் எழுதினார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் குழலைத் தடவிக்கொண்டே வந்து அந்த வீக்கத்தில் நின்றார். ரைட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ கொண்டுவந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டா டீச்சர் இத்தன வருசம் காவலுக்கு இருந்தீங்க? நல்லவேள, ஒரு வெடி போட்டிருந்தா நீங்களே போயிருப்பீங்க," என்றார் அந்தப் போலீஸ்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். துப்பாக்கி எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள் என்று ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். காவலுக்கு நின்றது நான் இல்லை, அதை வைத்துக்கொண்டு பன்றிக்கு முன்னால் நின்றவர் வேறு ஒருவர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவருக்கு விலங்கு. அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன். நான் ஒருமுறை எல்லோரையும் சிரிக்க வைத்த அதே இடத்தில் நின்றுகொண்டு, ரசீது எழுதி முடிக்கும்வரை சிரித்தபடியே நின்றேன். மச்சான் பன்னிரண்டு வருஷம் அப்படி நின்றிருக்கிறார்.

இப்போது புனேயில் இருக்கிறேன். பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. மகள் எழுந்து நடக்கிறாள். ஊரில் மலையிலிருந்து பன்றி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மச்சான் இந்தத் தடவை இரண்டு வெடி போட்டு விரட்டினார் என்று குத்தகைக்காரர் போனில் சொன்னார். சொன்னது அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான். நான் திருத்தவில்லை. அந்தப் பெயர் சொல்கிற கோழைத்தனம் பொய் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். மூன்று பேரும் வாயைத் திறக்க முடியாது.